கேட்டவள் பாட்டி

ரோம் நகரின் சலாரியா சாலைக்கு அடியில், மண்ணைக் குடைந்து வெட்டிய பழைய கல்லறைச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. பிரிஸ்கில்லாவின் கல்லறை என்று அதற்குப் பெயர். அங்கே கிடைத்த மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றில் ஒரு பிள்ளையின் கதை இருக்கிறது. பெயர் அப்ரோனியானுஸ். உயிரோடு இருந்தது 1 வருடம், 9 மாதம், 5 நாள். கல்லை வைத்தவர் தகப்பன் ஃப்ளோரென்டியுஸ். பாட்டிக்குப் பிள்ளைமேல் உயிர். இனி பிழைக்க மாட்டான் என்று தெரிந்ததும், இவன் விசுவாசியாக இந்த உலகத்தை விட்டுப் போகட்டும் என்று அவள் சபையிடம் கேட்டாள். கல் சொல்வது இவ்வளவுதான்.

‘விசுவாசி’ என்ற சொல்லை அன்றைய சபை எல்லோருக்கும் கொடுத்துவிடவில்லை. ஞானஸ்நானம் பெற்றவருக்கே அந்தப் பெயர். பெறுவதற்காகப் படித்துக்கொண்டிருப்பவருக்கு வேறு பெயர். ஆக, பாட்டி கேட்டது தண்ணீர். அதே கல்லின் உச்சியில், இறந்தோரின் ஆவிகளுக்கு அர்ப்பணம் என்று ரோமர்கள் தங்கள் கல்லறைகளில் வழக்கமாகப் பொறிக்கும் வாசகமும் இருக்கிறது. தகப்பன் இன்னும் கிறிஸ்தவர் ஆகவில்லை, பாட்டிதான் சபையைச் சேர்ந்தவள் என்று ஊகிக்கிறவர்கள் இதைக் காட்டித்தான் ஊகிக்கிறார்கள். வீட்டில் அவள் என்ன பாடுபட்டுச் சம்மதம் வாங்கினாளோ, அது கல்லில் இல்லை. அவள் பெயரும் இல்லை.

குழந்தை ஞானஸ்நானத்தின் பிறப்பை நான் இந்தக் கல்லிலிருந்துதான் பார்க்கிறேன். நம் ஊரில் இது ஒரே குடும்பத்துக்குள் மனஸ்தாபம் உண்டாக்கும் விஷயம். அண்ணன் வீட்டில் பிள்ளை பிறந்து மாதக்கணக்கு ஆகுமுன் கோவிலுக்குத் தூக்கிப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் தம்பி, “பிள்ளை கேட்டதா? விசுவாசித்ததா?” என்பார். தெளிப்பா, முழுக்கா என்று இரண்டு பக்கமும் வசனங்களை அடுக்கும். தம்பியின் கேள்வி சாதாரணமானது இல்லை. 1800 வருடமாகச் சபையை விடாமல் துரத்துகிற கேள்வி அது. கேட்க வாயில்லாத பிள்ளைக்கு யார் கேட்பது? பதில் சொல்ல வாயில்லாத பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? இந்தச் சடங்கின் கதை முழுவதும் அந்த இரவல் வாயின் கதைதான்.

ஆரம்பத்தில் எல்லாரும் பெரியவர்கள். யோர்தான் ஆற்றங்கரையில் யோவான் நின்று மனந்திரும்பச் சொன்னபோது தண்ணீரில் இறங்கியவர்கள் தங்கள் பாவங்களைத் தங்கள் வாயாலேயே அறிக்கை செய்தார்கள். பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் பேதுருவின் பேச்சைக் கேட்டு நெஞ்சில் குத்தப்பட்டவர்களும் பெரியவர்கள்தான். புதிய ஏற்பாட்டில் ஓரிடத்திலும் ஒரு கைக்குழந்தை ஞானஸ்நானம் பெற்றதாக நேராக எழுதியில்லை. இதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் வேறொரு சொல் அங்கே திரும்பத் திரும்ப வருகிறது. வீட்டார். பிலிப்பியில் இரத்தாம்பரம் விற்ற லீதியாளும் அவள் வீட்டாரும். கொரிந்துவில் ஸ்தேவானின் வீட்டார். பிலிப்பியின் சிறைக்காவலனும் அவனைச் சேர்ந்த எல்லாரும். அந்தச் சிறைக்காவலனின் இரவை அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரம் அருகில் நின்று பார்த்ததுபோல் சொல்கிறது. நள்ளிரவில் பூமியதிர்ச்சி. கதவுகள் திறந்து கிடக்கின்றன. கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்து, அவன் தன்னைக் குத்திக்கொள்ளப் பட்டயத்தை உருவுகிறான். பவுல் கூப்பிட்டுத் தடுக்கிறார். அந்த ராத்திரி வேளையிலேயே அவன் பவுலையும் அவரோடு சிறைப்பட்டிருந்த துணைவரையும் அழைத்துப்போய், தடியடிபட்ட அவர்களுடைய காயங்களைக் கழுவுகிறான். அடுத்து அவனும் அவனுடையவர்கள் எல்லாரும் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். முதலில் அவன் அவர்களைக் கழுவினான், பிறகு அவர்கள் அவனை.

அந்த வீட்டில் தொட்டிலில் ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்ததா? 1958-இல் யோவாகிம் ஜெரமியாஸ் என்ற ஜெர்மன் அறிஞர், இருந்திருக்கும், அந்தக் காலத்தில் வீட்டார் என்றால் கைக்குழந்தைமுதல் அடிமைவரை எல்லாரும் அடக்கம் என்று புத்தகமே எழுதினார். 1961-இல் குர்ட் ஆலாண்ட், அதற்கு ஒரு சான்றும் இல்லை என்று பதில் புத்தகம் எழுதினார். ஜெரமியாஸ் மறுபதிலும் எழுதினார். தீர்ப்பு வரவில்லை. நமக்கு ஒன்று மட்டும் எளிதில் புரியும்: “குடும்பத்தோடு வாங்க” என்று பத்திரிகை வைத்துவிட்டுப் போனால், இடுப்புப் பிள்ளைக்கும் அழைப்பு உண்டா என்று இங்கே யாரும் கேட்பதில்லை.

இரண்டாம் நூற்றாண்டில் தடயங்கள் மங்கல். சிமிர்னாவின் முதிய ஆயர் பாலிகார்ப், எரிக்கப்படுமுன், 86 வருடமாகக் கிறிஸ்துவுக்கு ஊழியம் செய்கிறேன் என்றார். அது பிறந்த நாளிலிருந்து எண்ணிய கணக்கா என்று இன்றும் கேட்கிறார்கள். டிடாக்கே என்னும் மிகப் பழைய சபைக் கையேடு ஓடும் தண்ணீர் இல்லாவிட்டால் எந்தத் தண்ணீர், அதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை எப்படி ஊற்றுவது என்றெல்லாம் கவனமாகச் சொல்கிறது. பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெறுகிறவர் முன்னதாக உபவாசம் இருக்க வேண்டும் என்கிறது. பால்குடிக் குழந்தையை மனதில் வைத்து எழுதிய விதி அதுவாக இருக்க முடியாது.

பிறகு, ஏறக்குறைய 200-ஆம் ஆண்டில், கார்த்தேஜ் நகரத்திலிருந்து ஒரு குரல். இன்று அந்த ஊர் துனிசியாவில், துனிஸ் நகரை ஒட்டிய கடற்கரை. தெர்த்துல்லியன் அங்கே லத்தீனில் ஞானஸ்நானத்துக்கென்றே ஒரு சிறு நூல் எழுதினார். குழந்தை ஞானஸ்நானத்தைப் பற்றி ஐயத்துக்கு இடமில்லாமல் பேசும் முதல் எழுத்து அதுதான். பேசுவது எதிர்த்து. வேண்டாம், பொறுங்கள் என்கிறார். பாவமறியாத பருவம் பாவமன்னிப்புக்கு ஏன் ஓட வேண்டும்? உலகச் சொத்தை ஒரு பிள்ளையின் கையில் ஒப்படைக்க மாட்டோம், பரலோகச் சொத்தை ஒப்படைக்கிறோமே? வளரட்டும், கற்கட்டும், கேட்கத் தெரிந்துகொள்ளட்டும். அவர் சுட்டிக்காட்டிய இன்னொரு ஆபத்து என்னை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. பிள்ளைக்காக வாக்குக் கொடுக்க முன்வருகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் சீக்கிரம் செத்துப்போகலாம்; அல்லது பிள்ளை வளர்ந்து தறுதலையாகலாம். இரண்டிலும் அவர்கள் கொடுத்த வாக்கு விழுந்துவிடும்.

தடுக்கிறவர் ஒருவர் இருந்தால், செய்கிறவர்களும் இருந்திருக்க வேண்டும். அதுவும், பக்கத்தில் நின்று வாக்குக் கொடுக்க ஆள் வைக்குமளவுக்கு முறையாக. ஞானத்தாய், ஞானத்தந்தை என்று நாம் சொல்லும் உறவு எழுத்தில் முதல்முதலாகத் தலைகாட்டுவது, அவர்களுக்காகப் பரிதாபப்பட்ட ஓர் எதிர்ப்பாளரின் வரியில்.

அப்போஸ்தல பாரம்பரியம் என்று பின்னாளில் பெயர்பெற்ற ஒரு சபை ஒழுங்கு நூல் உண்டு. ரோமின் ஹிப்போலிட்டஸ் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியது என்று நெடுங்காலம் நம்பினார்கள்; இப்போது அதில் பல கைகள் பட்டிருப்பதாகச் சொல்கிறார்கள். அதில் ஞானஸ்நான வரிசையில் முதலிடம் பிள்ளைகளுக்கு. தாங்களே பதில் சொல்ல முடிந்தவர்கள் சொல்லட்டும். முடியாதவர்களுக்குப் பெற்றோரோ வீட்டைச் சேர்ந்த ஒருவரோ சொல்லட்டும் என்பது விதி. கைக்குழந்தையைக் குறிக்கும் லத்தீன் சொல்லுக்கே ‘பேசாதது’ என்றுதான் பொருள். அந்தப் பேசாததன் முறை வரும்போது அப்பாவோ மாமாவோ ஓர் அடி முன்னே வந்து வாயைத் திறக்கிறார்.

கிழக்கே ஓரிஜென், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது அப்போஸ்தலரிடமிருந்து வந்த பாரம்பரியம் என்று அதே நூற்றாண்டில் எழுதினார். ஆனால் கதை மறுபடி கார்த்தேஜுக்கே வருகிறது. தெர்த்துல்லியன் எழுதி ஐம்பது வருடம்தான் ஆகியிருக்கும். ஆயர் சிப்ரியான் தலைமையில் 66 ஆயர்கள் அங்கே கூடினார்கள். ஃபிடுஸ் என்ற ஊர்ப்புற ஆயர் ஒருவர் ஒரு சந்தேகம் எழுதி அனுப்பியிருந்தார். கொடுக்கலாமா கூடாதா என்பது அவர் கேள்வியில்லை. அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. விருத்தசேதனத்தைப் போல் எட்டாம் நாள்வரை காத்திருக்க வேண்டாமா என்பதுதான் கேள்வி. கூடவே ஒரு காரணமும் சொன்னார். ஞானஸ்நானம் பெற்றவரைச் சபை சமாதான முத்தமிட்டு ஏற்கும். பிறந்து இரண்டு மூன்று நாளான பிள்ளையின் பாதத்தை முத்தமிட யாருக்கும் கூசுமே, அது இன்னும் சுத்தமில்லாத நிலையில் இருக்கிறதே என்றார்.

நம் வீடுகளின் தீட்டுக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இந்த மனிதரின் கூச்சம் உடனே விளங்கும். சபையின் பதில் கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது, சிப்ரியானின் கடிதங்களில் 64-ஆவதாக. கூடியிருந்த ஒருவர்கூட ஃபிடுஸோடு ஒத்துப்போகவில்லை. பிறந்த பிள்ளை கடவுளின் கையிலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறது. அதை முத்தமிடும்போது அந்தக் கையையே முத்தமிடுகிறோம், கூச என்ன இருக்கிறது என்று அவர்கள் எழுதினார்கள். எலிசா தீர்க்கதரிசி இறந்துபோன சிறுவன்மேல் வாயோடு வாய், கண்ணோடு கண், கையோடு கை பொருத்திப் படுத்த கதையை எடுத்துக்காட்டினார்கள். வளர்ந்த மனிதனின் உடம்பு சிறுவன் உடம்போடு எப்படிப் பொருந்தும்? கடவுளின் கிருபைக்கு முன்னால் பெரியவர், சிறியவர் என்று அளவு வித்தியாசம் இல்லை என்பதற்கே அது அடையாளம் என்றார்கள். முடிவில் ஒரு வாதம் வைத்தார்கள். சபை வரலாற்றில் நான் படித்த வாதங்களில் இவ்வளவு மென்மையானது வேறில்லை. பிறந்ததும் பிள்ளை என்ன செய்கிறது? அழுகிறது. அந்த அழுகை மன்றாட்டைத் தவிர வேறென்ன?

தெர்த்துல்லியன், கேட்கத் தெரியட்டும் என்றார். அதே ஊரில், பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது, உங்கள் காதில் விழவில்லையா என்று பதில் வந்துவிட்டது.

சிசிலித் தீவின் கத்தானியா நகரிலிருந்து இன்னொரு கல், இப்போது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜூலியா ஃப்ளோரென்டினா என்ற பெண் குழந்தையுடையது. கிறிஸ்தவம் சேராத வீட்டுப் பிள்ளையாகப் பிறந்தவள். 18 மாதமும் 22 நாளும் ஆனபோது, மூச்சு இழுத்துக்கொண்டிருந்த ராத்திரியின் எட்டாம் மணி வேளையில் அவளை விசுவாசி ஆக்கினார்கள். அதன்பின் நான்கு மணி நேரம் உயிரோடிருந்தாள். பெற்றவர்கள் இருவரும் ராத்திரி முழுக்க அழுதார்கள்; அழவேண்டாம் என்று மேலிருந்து ஒரு சத்தம் கேட்டதாம். எந்த மணிக்கு என்ன நடந்தது என்று கல்லில் வெட்டிவைத்த அந்தத் தகப்பனை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எவருக்கும் அந்தக் கணக்கு தெரியும்.

எவரெட் ஃபெர்குசன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் இத்தகைய கல்லறைக் கல்வெட்டுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தார். சின்னப் பிள்ளைகளின் கற்களில் ஞானஸ்நானத் தேதி இருந்தால், அது பெரும்பாலும் மரணத் தேதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிறந்தவுடன் வழக்கமாகக் கொடுத்திருந்தால் அப்படி அமையாது. சாகக்கிடக்கும் பிள்ளைக்கு அவசரமாகக் கொடுத்ததுதான் முதலில்; அது பழகிப்போய், சாகும்வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கத் தொடங்கினார்கள் என்பது அவர் முடிவு. வீட்டார் ஞானஸ்நானம் முதலிலிருந்தே இருந்தது என்போர் இதை ஏற்பதில்லை. எனக்கு ஃபெர்குசனின் பக்கம் மனம் சாய்கிறது. கொள்கை முதலில் வந்து பழக்கம் பின்னால் வரவில்லை. பாட்டி வந்து கேட்டாள். கேட்ட இடத்தில் இருந்த யாரோ ஒருவருக்கு, இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

நான்காம் நூற்றாண்டில் இது நேர்க்கோட்டில் வளர்ந்திருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாறுவோம். ஞானஸ்நானத்துக்குப் பின் செய்யும் பெரும்பாவத்துக்கு மன்னிப்புக் கடினம் என்ற பயத்தில் ஜனங்கள் தள்ளிப்போட ஆரம்பித்தார்கள். சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் 337-இல் மரணப்படுக்கையில்தான் பெற்றார். நாசியான்சின் கிரெகோரி ஓர் ஆயரின் மகன். அவரே வாலிபனாகும்வரை பெறவில்லை. கடலில் புயலில் மாட்டியபோது, ஞானஸ்நானம் இல்லாமல் சாகப்போகிறேனே என்று நடுங்கியதைப் பிறகு எழுதினார். 381-இல் கான்ஸ்டான்டிநோப்பிளில் அவர் பிரசங்கிக்கும்போது, ஆபத்து இருந்தால் உடனே கொடுங்கள், இல்லாவிட்டால் மூன்று வயது சுமாருக்குக் காத்திருங்கள் என்றார். அந்த வயதில் பிள்ளை கொஞ்சம் கேட்கும், கொஞ்சம் பதில் சொல்லும் என்பது காரணம். பிள்ளையின் சொந்த வாய்க்காக இரண்டு மூன்று வருடம் காத்திருக்கச் சொன்ன அந்த யோசனை நிலைக்கவில்லை. நிலைத்திருந்தால் பின்னால் வந்த எத்தனையோ சண்டை இல்லாமலே போயிருக்கலாம்.

ஆப்பிரிக்காவில் தகாஸ்தே ஊரில் மோனிக்கா என்ற தாயின் பிள்ளைக்குத் திடீரென்று வயிற்று வலி, காய்ச்சல். பையன் ஞானஸ்நானம் வேண்டும் என்று தானே கேட்டான். தாய் அவசரமாக ஏற்பாடு செய்தாள். அதற்குள் குணமாகிவிட்டது. சரி, பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைத்தாள். அந்தப் ‘பிறகு’ வர 387 ஆயிற்று. மிலானில் ஆயர் அம்புரோஸ் கையால், தன் மகனோடு சேர்ந்து, ஈஸ்டர் இரவில் அவர் பெற்றார். காய்ச்சலில் கிடந்த அந்தப் பையன்தான் அகுஸ்தீன். தள்ளிப்போட்டதற்காகத் தன் காலத்து வழக்கத்தை அவர் பின்னால் கண்டித்தார்.

தெர்த்துல்லியனின் கேள்வியை இந்த அகுஸ்தீன் தலைகீழாகத் திருப்பினார். பாவமறியாத பிள்ளைக்குப் பாவமன்னிப்பு எதற்கு என்று முன்னவர் கேட்டார். சபை கொடுக்கும் ஞானஸ்நானமோ பாவமன்னிப்புக்கு; பிள்ளைக்கும் கொடுக்கிறோம்; அப்படியானால் பிள்ளையிடம் மன்னிக்கப்பட ஏதோ இருக்க வேண்டும் அல்லவா என்று பின்னவர் கேட்டார். பிள்ளை செய்த பாவம் எதுவும் இல்லை. ஆகவே அது ஆதாமிடமிருந்து வந்த ஜென்ம பாவம். ஜென்ம பாவத்தை மறுத்த பெலாஜியுஸ் கூட்டத்தாரோடு அவர் நடத்திய போராட்டத்தில் குழந்தை ஞானஸ்நானம் முக்கியமான சாட்சியாக நின்றது. 418-இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் அதை உறுதிப்படுத்தியது. பாட்டியின் கண்ணீரில் தொடங்கிய ஒரு பழக்கத்திலிருந்து மனிதகுலம் முழுவதையும் பற்றிய ஒரு போதனை எழுந்துவிட்டது. அதன் மறுபக்கமும் கூடவே வந்தது: ஞானஸ்நானம் பெறாமல் இறந்த பிள்ளையின் கதி? தண்டனை உண்டு, ஆனால் எல்லாவற்றிலும் இலேசானது என்றார் அகுஸ்தீன். அவர்மேல் எனக்குள்ள மரியாதை குறையவில்லை. இந்த வரியை மட்டும் ஏற்க முடியவில்லை.

அதே மனிதர் எழுதிய இன்னொரு கடிதத்தை நான் மறக்கவும் முடியாது. போனிபாஸ் என்ற ஆயர் அவரிடம் கேட்டார்: இந்தப் பிள்ளை வளர்ந்து திருடனாக மாட்டான் என்று பெற்றோரைக் கேட்டால், தெரியாது என்பார்கள். இப்போது என்ன நினைக்கிறான் என்று கேட்டாலும் தெரியாது என்பார்கள். ஆனால், கடவுளை விசுவாசிக்கிறானா என்று கேட்டால் மட்டும் ‘விசுவாசிக்கிறான்’ என்று எப்படிப் பதில் சொல்கிறார்கள்? நேர்மையான கேள்வி. விசுவாசத்தின் அடையாளத்தையே விசுவாசம் என்ற பெயரால் அழைக்கிறோம் என்று அகுஸ்தீன் விளக்கினார். பிறகு சொன்னார்: பிள்ளையை ஏந்தி வருவது பெற்றோரின் கைகள் மட்டுமில்லை, பரிசுத்தவான்களின் கூட்டம் முழுவதும் சேர்ந்து தூக்கிவருகிறது. யாரோ கண்டெடுத்த அநாதைப் பிள்ளையைக் கன்னியர்கள் தூக்கிவந்து ஞானஸ்நானம் கொடுக்கச் செய்வதையும் அதே கடிதத்தில் குறிப்பிடுகிறார். பிறர் வாய் பேசுவதில் பொய் இல்லை, அது சபையின் வாய் என்பது அவர் பதில். இந்தச் சடங்கின் பொருளை ஒருவர் கேட்டால், ஜென்ம பாவத்துக்கு முன்னால் நான் காட்டுவது இதைத்தான்.

பிறகு சட்டம் வந்தது. சார்லமேன் சாக்சனியரை வாளால் அடக்கியபோது, பிறந்த ஒரு வருடத்துக்குள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தவறினால் பிரபுவுக்கு 120 சொலிதுஸ், சாதாரணக் குடிமகனுக்கு 60 என்று அபராதம் விதித்தார். கேட்டுப் பெற்றது, கேட்காமலே சுமத்தப்படுவதாக மாறியது. குருவானவர் இல்லாத நேரத்தில் மருத்துவச்சியே தண்ணீர் ஊற்றலாம் என்ற அனுமதி அன்பினால் தந்தது. ஆனால் அந்த அனுமதிக்கு அடியில் பயமும் இருந்தது.

அந்தப் பயம் எவ்வளவு ஆழம் என்பது சுவிட்சர்லாந்தின் பெர்ன் பகுதியில், ஓபர்பியூரன் என்ற இடத்தில் மண்ணுக்கடியில் கிடந்தது. அங்கே ஒரு மாதா திருத்தலம் இருந்தது. செத்துப் பிறந்த பிள்ளைகளைத் தூர ஊர்களிலிருந்து அங்கே கொண்டுவருவார்கள். கனலும் மெழுகுவர்த்தியும் சுற்றி வைத்து அந்தச் சின்ன உடம்பைச் சூடாக்குவார்கள். உதட்டின்மேல் ஓர் இறகை வைப்பார்கள். சூட்டில் இறகு அசைந்தால், மூச்சு வந்தது என்று உடனே ஞானஸ்நானம் கொடுத்து, மந்திரித்த மண்ணில் அடக்கம் செய்வார்கள். கொன்ஸ்டான்ஸ் ஆயர் இதைக் கண்டித்து 1486-இல் ரோமுக்கு எழுதினார். 1528-இல் பெர்ன் சீர்திருத்தத்துக்கு மாறியபின் திருத்தலத்தை இடித்தார்கள். 1990-களில் தோண்டிய தொல்லியலாளர்கள் சுமார் 250 சிசுக்களின் எலும்புகளைக் கண்டார்கள். மாதம் நிறையாத சிசுக்களும் அதில் இருந்தன. மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் இதைக் கடந்துபோக என்னால் முடியவில்லை. பனியில் பல நாள் நடந்து, துணியில் சுற்றிய ஓர் உடம்பைத் தூக்கிவந்த தகப்பன்மார் அவர்கள். அந்த இறகை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த கண்களை நினைத்துக்கொள்கிறேன். அப்ரோனியானுஸின் பாட்டிக்குக் கிடைத்த ஆறுதலை, அவர்கள் மிரட்டலுக்கு நடுவில் தேட வேண்டியிருந்தது.

லூத்தர் 1520-இல், பிள்ளைகளுக்கு அவர்களைக் கொண்டுவருகிறவர்களின் விசுவாசம் உதவுகிறது என்று எழுதினார். கூரையைப் பிரித்து நான்கு பேர் இறக்கிய திமிர்வாதக்காரனின் கதை அதற்கு அவர் காட்டிய துணை. அவனும் வாய் திறந்து எதுவும் கேட்டதாக எழுதியில்லை. தூக்கிவந்தவர்களின் விசுவாசத்தைத்தான் இயேசு கண்டார்.

ஆனால் சூரிக் நகரில் சில இளைஞர்கள் இதை ஏற்கவில்லை. 1525 ஜனவரியில் நகர மன்றம், ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளுக்கு எட்டு நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று ஆணையிட்டது. அந்த இளைஞர்களில் ஒருவரான கொன்ராட் கிரேபலின் வீட்டில் அப்போது பிறந்து இரண்டு வாரமான பெண் குழந்தை. ஜனவரி 21 இரவு, ஃபெலிக்ஸ் மான்ஸின் தாய் வீட்டில் கூடினார்கள். பிளவ்ராக் என்ற பாதிரியார், என் சொந்த விசுவாசத்தின்பேரில் எனக்கு ஞானஸ்நானம் கொடு என்று கிரேபலிடம் கேட்டார். கிரேபல் கொடுத்தார். ஒருவர் வாயை இன்னொருவர் கடன் வாங்க முடியாது என்பதே அவர்கள் பிடித்த பிடி. எதிரிகள் அவர்களுக்கு மறுஞானஸ்நானக்காரர் என்று பெயர் வைத்தார்கள். 1527 ஜனவரி 5 அன்று மான்ஸைக் கட்டி லிம்மத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். தண்ணீரைக் கேட்டவருக்குத் தண்ணீராலேயே தண்டனை. குழந்தை ஞானஸ்நானத்தை நேசிக்கிறவன் என்ற முறையில் இந்தக் கொலையைச் சொல்லாமல் தாண்டினால் நான் நேர்மையற்றவன். இன்று பாப்டிஸ்ட், பிரதரன், பெந்தெகொஸ்தே சபைகள் பிள்ளையைப் பிரதிஷ்டை மட்டும் செய்து, முழுக்குக்கு வயது வரும்வரை காத்திருக்கும்போது, தெர்த்துல்லியனின் குரலும் அந்த இரவின் குரலும் சேர்ந்தே ஒலிக்கின்றன.

அந்தக் காலத்திலேயே நம் கடற்கரைக்கும் இந்தக் கதை வந்து சேர்ந்தது. 1542 அக்டோபரில் தூத்துக்குடியிலிருந்து பிரான்சிஸ் சவேரியார் எழுதிய கடிதத்தில், வழியில் ஓர் ஊரில் மூன்று நாளாகப் பிரசவ வேதனையில் கிடந்த பெண்ணைப் பற்றிச் சொல்கிறார். அவர் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்ல, கூடவந்தவர் அவள் மொழியில் பெயர்த்தார். அவள் ஏற்றாள், ஞானஸ்நானம் பெற்றாள், பிள்ளை பிறந்தது. பிறகு கணவன், மகன்கள், மகள்கள், அன்று பிறந்த அந்தச் சிசு, எல்லாருக்கும் கொடுத்தார். பிலிப்பியின் சிறைக்காவலன் வீட்டில் தொட்டில் இருந்ததா என்று அறிஞர்கள் அடித்துக்கொள்கிறார்கள். இந்த வீட்டில் இருந்தது.

இரவல் வாங்கிய வாக்கை என்ன செய்வது? கிழக்குத் திருச்சபைகள் பிள்ளைக்கு முழுக்கு, தைலம், நற்கருணை மூன்றையும் ஒரே நாளில் கொடுத்துவிடுகின்றன. கேரளத்தின் சுரியானி சபைகளில் மூரோன் என்னும் அந்தத் தைலம் பூசுவதை இன்றும் பார்க்கலாம். மேற்கே அவற்றைப் பிரித்தார்கள். அப்படிப் பிரிந்ததுதான் நம் சி.எஸ்.ஐ. கோவில்களில் நடக்கும் திடப்படுத்தல். பதின்ம வயதுப் பிள்ளை பேராயர் முன் மண்டியிட்டு, அன்று எனக்காக மற்றவர்கள் சொன்னதை இன்று நானே சொல்கிறேன் என்கிறது. 1970-இல் உருவான வட இந்தியத் திருச்சபையில் பாப்டிஸ்டுகளும் சேர்ந்தார்கள். குழந்தை ஞானஸ்நானத்தையும் விசுவாசிகளின் ஞானஸ்நானத்தையும் அங்கே ஒருசேர ஏற்கிறார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே கூரைக்குக் கீழ் உட்கார முடிந்திருக்கிறது. 2007-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இறையியல் குழு, ஞானஸ்நானம் பெறாமல் இறந்த பிள்ளைகளும் இரட்சிக்கப்படுவார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு என அறிவித்தது. ஓபர்பியூரனுக்கு நடந்துபோன தகப்பன்மாருக்கு அந்தக் காகிதம் ஐநூறு வருடம் பிந்திவிட்டது.

ஞாயிறு ஆராதனையில் தொட்டிக்கு முன்னால் குடும்பம் வந்து நிற்கிறது. ஐயர் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு பெயர் கேட்கிறார். பெற்றோர் சொல்கிறார்கள். உள்ளங்கைத் தண்ணீர் மூன்று முறை தலையில் விழுகிறது. பிள்ளை வீறிட்டு அழுகிறது. தாய் சங்கடப்பட்டு, உஷ்... உஷ்... என்று தோளில் தட்டுகிறாள். பின்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். கார்த்தேஜில் கூடிய அந்த 66 பேரும் இப்போது அங்கே இருந்தால், அழட்டும், விடு தாயே, அது கேட்டுக்கொண்டிருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்கள். பாட்டி முன்னே வந்து, நனைந்த தலையை முந்தானையால் துடைத்து, பிள்ளையை வாங்கிக்கொள்கிறாள்.